புதுப்பித்த என்ஜினைப் பழக்குதல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் இலக்கியம் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். சிலம்பும் மேகலையும் கம்பனும் முழங்கிய இடத்தில் மோட்டார் என்ஜினைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது யாம் சற்றே தயங்கினோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராகக் காலங்கழிப்பவர்க்கு என்ஜினைப் பற்றி என்ன தெரியும் என்று பெரியவர் ஒருவர் கேட்டதும் எம் காதில் விழுந்தது. கேள்வி நியாயமானதே. யாம் ஸ்பானர் பிடித்தவர் அல்லோம். ஆயினும் டீசல் ஷெட் ஒன்றின் அலுவலகத்தில், பழுது பார்த்த என்ஜின்களின் கணக்கைப் பல ஆண்டுகளாக எழுதி வருகிறோம். எந்த என்ஜின் என்று பிரிக்கப்பட்டது, எவ்வுறுப்பு மாற்றப்பட்டது, மீண்டும் எத்தனை நாளில் அதே நோயோடு திரும்பி வந்தது என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டே இருப்பவர்க்கும் சில உண்மைகள் புலப்படாமற் போகா.

அறிவியல் நூலார் உருளை என்றும் உந்துதண்டு என்றும் அழகிய சொற்களை ஆக்கித் தந்துள்ளனர். அவற்றை யாம் போற்றுகிறோம். எனினும் பட்டறையில் சிலிண்டர், பிஸ்டன் என்றே வழங்குவதால் இன்று அவ்வாறே பேசுவோம். தமிழ்ச் சங்க மேடை இதனைப் பொறுத்தருள வேண்டும்.

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை 1894-இல் பாதை போடப்பட்டது, சுரங்கத்திற்கு வேண்டிய இயந்திரங்களையும் பண்டங்களையும் உள்ளே கொண்டு வருவதற்காக. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பின்னர், அதே பாதை நம் மக்களை நாள்தோறும் வெளியே கொண்டு செல்லும் பாதையாயிற்று. விடியற்காலை வண்டியில் சோற்றுப் பாத்திரத்தோடு பெங்களூர் செல்லும் நம் பிள்ளைகளுள் மோட்டார்ப் பட்டறைகளில் பணியாற்றுவோர் பலர். அவர்களோடு நாள்தோறும் பயணம் செய்வதால் அவர்கள் பேச்சும் கவலையும் எமக்குத் தெரியும். அவர்களுள் ஒருவர்க்கு நேர்ந்ததே எம்மை இப்பொருளில் பேசத் தூண்டியது.

பட்டறையின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே வேண்டா. கார் பழைய பியட்; பிரீமியர் பத்மினி என்று பின்னாளில் பெயர் பெற்ற வகை. 1089 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் என்ஜின். அதன் உரிமையாளர் வேகத்தில் விருப்பமுடையவர். என்ஜினை இறக்கி, சிலிண்டர்களை ரீபோர் செய்து, புதிய பிஸ்டனும் ரிங்கும் போட்டு, ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டி, காம் ஷாப்டை மாற்றி, ஒரு கார்புரேட்டருக்கு இரண்டாகப் பொருத்தித் தருமாறு கேட்டார். அவ்வேலையில் பெரும்பகுதியைச் செய்தவர் நம் குடியிருப்பைச் சேர்ந்த இளைஞர். என்ஜின் அழகாகக் கிளம்பிற்று. ‘ஆயிரம் கிலோமீட்டர் வரை மெதுவாக ஓட்டுங்கள்’ என்று பட்டறையில் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினர். உரிமையாளரும் அதனை வேதவாக்காகக் கொண்டார். சமதளமான நெடுஞ்சாலையில், மேல் கியரில், 40 கிலோமீட்டருக்கு மிகாமல், பச்சிளங்குழந்தையைத் தாங்குவதுபோல் ஓட்டினார். இரண்டு திங்களில் கார் நீலப்புகை தள்ளத் தொடங்கிற்று. ஆயில் குடித்தது. ஏற்றத்தில் திணறிற்று. ‘ரிங் போடத் தெரியாதவனிடம் வேலையைக் கொடுத்துவிட்டீர்’ என்று பட்டறைக்காரரிடம் அவர் சண்டையிட, பட்டறைக்காரர் அவ்விளைஞரின் ஊதியத்தில் மாதந்தோறும் பிடித்தம் செய்தார்.

ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது ரிங்கில் குறை ஒன்றும் இல்லை. நான்கு சிலிண்டர்களின் சுவரும் கண்ணாடிபோல் பளபளத்தன. அந்தப் பளபளப்பே நோய்.

இது எவ்வாறு என்று விளக்க வேண்டும். புதிதாகப் போர் செய்த சிலிண்டரின் சுவரை வழுவழுப்பாக விட்டுவிடுவதில்லை. ஹோனிங் கல்லைச் சுழற்றிக்கொண்டே மேலும் கீழும் செலுத்தி, ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் நுண்ணிய கீறல்களை வேண்டுமென்றே இடுவர். பாய் முடைந்தாற்போல் அது தோன்றும். அக்கீறல்களின் பள்ளத்தில் ஆயில் தங்கும். மேட்டின் முனைகளோ புதிய ரிங்கோடு உராய்ந்து சிறிது தேயும். ரிங்கின் விளிம்பும் தேயும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஏற்றவாறு தேய்ந்து பொருந்திய பின்னரே எரிவாயு கீழே கசியாமலும் ஆயில் மேலே ஏறாமலும் அடைபடும். இப்பொருத்தம் ஏற்படும் காலத்தையே என்ஜினைப் பழக்குதல் என்கிறோம். பட்டறையில் இதனை ரன்னிங்-இன் என்பர்.

இங்கே பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. ரிங் தன் சொந்த விறைப்பினால் மட்டுமே சுவரோடு ஒட்டிக்கொள்வதில்லை. அவ்விறைப்பு மிகச் சிறிது. பெட்ரோல் எரிந்து எழும் வாயு, ரிங்கின் மேற்புறமும் பின்புறமும் உள்ள இடுக்கில் புகுந்து, அதனைச் சுவரை நோக்கி நெருக்கித் தள்ளுகிறது. என்ஜின் பாரம் இழுக்குந்தோறும் அந்நெருக்கம் மிகுகிறது. பாரமே இல்லாமல் தாலாட்டிக்கொண்டிருந்தால் நெருக்கம் போதாது; ரிங் ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டிருக்கும்; மேடுகள் தேயா. மிதக்கும் ஆயிலோ சூட்டில் கருகி, வார்னிஷ் பூசினாற்போல் அக்கீறல்களை நிரப்பிவிடும். நிரம்பிய பின்னர் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினும் பயனில்லை. மீண்டும் பிரித்து, மீண்டும் ஹோனிங் செய்து, புது ரிங் போடுவதொன்றே வழி. அவ்விளைஞர் பிழையாக எதனையும் பூட்டவில்லை. பூட்டிய பின் நடந்த அருமை பெருமையான பராமரிப்பே அந்த என்ஜினைக் கெடுத்தது.

‘அப்படியானால் முதல் நாளே காலை அழுத்தி மிதிக்கலாமா?’ என்று இளைஞர் சிலர் கண்களால் கேட்பதைக் காண்கிறோம். அதுவும் கேடே. தேயாத மேடுகள் உராயும் இடத்தில் சூடு மிகும். பிஸ்டன் விரிந்து சுவரைக் கவ்விக்கொண்டால் என்ஜின் சீஸ் ஆகிவிடும். நீண்ட நேரம் உச்ச வேகத்தில் ஓட்டுவதும் தவறு. ஒரே வேகத்தில் உருட்டிக்கொண்டிருப்பதும் தவறு. இடைவிட்டுப் பாரம் கொடுத்து, இடைவிட்டு ஆறவிடுவதே முறை. ஆக்கப் பொறுத்தவர்க்கு ஆறப் பொறுக்காதா என்று நம் வீட்டில் பாட்டிமார் சொல்வது சோற்றுக்கு மட்டும் உரியதன்று போலும்.

இவ்வரங்கில் அமர்ந்துள்ள சுரங்கத் தொழிலாளர்க்கு இது புதிய பாடமன்று. ஷாப்டில் புதுக் கயிறு மாட்டினால் என்ன செய்தனர்? மாட்டிய உடனே ஆட்களை ஏற்றி மூவாயிரம் மீட்டர் ஆழத்திற்கு இறக்கிவிட்டனரா? இல்லை. அதற்காகக் கூண்டைச் சும்மாவும் நிறுத்தி வைக்கவில்லை. சுமையை ஏற்றி மேலும் கீழும் பலமுறை ஓட்டிப் பார்த்து, கயிறு தன் இழுப்பை இழுத்து அமர்ந்த பின்னரே மனிதரை ஏற்றினர். வெறுங்கூண்டை ஓட்டியிருந்தால் கயிறு அமர்ந்திராது. சுமை வேண்டும்; ஆனால் உயிர்ச்சுமை கூடாது. என்ஜினைப் பழக்கும் நெறியும் இதுவே.

எம் துறையிலும் இதனையே காண்கிறோம். 2600 குதிரைத்திறனுள்ள டீசல் என்ஜினைப் பிரித்துப் பூட்டிய பிறகு, நேரே விரைவு வண்டியில் பூட்டுவதில்லை. ஷெட்டிலேயே நிறுத்தி வைத்து, அது உண்டாக்கும் மின்சாரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்த தகடுகளுக்கு அனுப்புவர். லோடு பாக்ஸ் என்பது அதன் பெயர். வண்டி ஓரடியும் நகராது. ஆனால் என்ஜின் முழு வண்டியை இழுப்பதுபோலவே உழைக்கும். தொட்டி நீர் கொதித்து ஆவி பறக்கும். முதல் நாட்சிலிருந்து எட்டாம் நாட்ச் வரை படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் அழுத்தமும் சூடும் என்னவென்று குறித்துக்கொள்வர். அத்தாள் எம் மேசைக்கு வரும். கையொப்பமில்லாத தாளை யாம் திருப்பி அனுப்பியதும் உண்டு; அதற்காக ஷெட்டில் எமக்குக் கிடைத்த பட்டப்பெயரை இங்கே சொல்ல வேண்டா.

பந்தய என்ஜினுக்கும் இவ்வாறே டைனமோமீட்டர் என்னும் கருவியில் பூட்டிப் பாரம் கொடுத்துப் பழக்குவர். உலகப் புகழ் பெற்ற பார்முலா 1 பந்தயத்தில், காரில் ஏற்றுமுன்னரே என்ஜினை மேடையில் ஓட்டிப் பார்த்துவிடுவர். அவற்றின் இடைவெளிகள் மிக நெருக்கமாதலால், கிளப்புமுன் வெந்நீரையும் சூடான எண்ணெயையும் உள்ளே சுற்றவிட்டுப் பதப்படுத்துவதும் உண்டு. சிறு விமானங்களில் உள்ள பிஸ்டன் என்ஜின்களுக்கு லைக்கமிங் நிறுவனத்தார் கூறும் முறை இன்னும் தெளிவானது. புதுப்பித்த என்ஜினை 65 முதல் 75 விழுக்காடு திறனில் ஓட்ட வேண்டும் என்றும், முதல் 50 மணி நேரமோ, ஆயில் செலவு ஒரு நிலைக்கு வரும் வரையோ, சாதாரண மினரல் ஆயிலையே ஊற்ற வேண்டும் என்றும் அவர்கள் அறிவுறுத்துகின்றனர். வானத்தில் பறக்கும் என்ஜினுக்கே தாலாட்டு உதவாதென்றால் தரையில் ஓடுவதற்குச் சொல்ல வேண்டுமோ?

இனி, பட்டறையில் செய்ய வேண்டியதைப் பார்ப்போம். எல்லாவற்றிலும் முதல் அரை மணி நேரமே முக்கியம். அதிலும் முக்கியம், கிளப்புவதற்கு முந்திய பத்து நிமிடம். பூட்டி முடித்த என்ஜினின் பேரிங்குகளில் ஆயில் வழிந்திருக்காது. பூட்டும்போது தடவிய பசை மட்டுமே இருக்கும். ஆகவே பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரால் சுற்றி, ஆயில் அழுத்தம் காட்டும் முள் எழுந்த பின்னரே பிளக்கைப் பூட்ட வேண்டும். பேரிங்கைத் தேய்த்துப் பழக்க வேண்டியதில்லை. அது ஆயில் படலத்தின் மேல் சுழல்வதற்கென்றே செய்யப்பட்டது. அதற்குப் பகை இரண்டு: வறட்சி, தூசு. நம் ஊரின் சயனைடு மண்மேட்டுத் தூசு காற்றடிக்கும் நாளில் எங்கெல்லாம் புகும் என்பது இல்லத்தரசியர் அறிந்ததே. திறந்த என்ஜினைச் சுத்தமான துணி போர்த்தாமல் இரவில் விட்டுச் செல்லும் பட்டறையில் வேலை கற்க வேண்டாம் என்பது எம் துணிபு.

அடுத்தது காம் ஷாப்ட். பியட், அம்பாசடர் போன்ற பழைய என்ஜின்களில் டாப்பெட்டின் அடிப்பாகம் தட்டையானது. உற்றுப் பார்த்தால் முற்றும் தட்டையன்று. மிகச் சிறிதளவு குவிந்திருக்கும். காமின் முகமும் சிறிது சாய்ந்திருக்கும். இதனால் டாப்பெட் ஏறி இறங்கும்போதே தன்னைத்தான் சுழற்றிக்கொள்ளும். அச்சுழற்சி தொடக்கத்திலேயே அமைய வேண்டும். காமுக்கு ஆயில் பெரும்பாலும் கிராங்க் ஷாப்ட் வீசியடிக்கும் துளிகளிலிருந்தே கிடைக்கிறது. என்ஜின் மெதுவாக ஓடினால் துளி எட்டாது. எனவே கிளம்பிய உடனே ஐடிலிங்கில் விட்டுவிட்டு ஓசையை ரசித்துக்கொண்டு நிற்கலாகாது. நிமிடத்திற்கு 2000 சுற்று அளவிற்கு உடனே உயர்த்தி, சிறிது ஏற்றியும் இறக்கியும், ஏறத்தாழ 20 நிமிடம் ஓட்ட வேண்டும். இந்த இருபது நிமிடத்தில் கெட்ட காமை எவராலும் மீட்க இயலாது. அதன் மூக்கு மழுங்கிவிடும். பந்தயத்திற்கென இரட்டைச் சுருள்வில் போட்டிருந்தால், உட்சுருளைக் கழற்றி வைத்துவிட்டு இச்சடங்கை முடித்து, பின்னர் மாட்டுவதும் நல்ல பழக்கம்.

ஆகையால் கார்புரேட்டரில் பெட்ரோல், ரேடியேட்டரில் நீர், டிஸ்டிரிபியூட்டரில் டைமிங் எல்லாம் முன்னரே சரியாக இருக்க வேண்டும். பத்து முறை ஸ்டார்ட்டரை அடித்து அடித்துக் கிளப்பும் என்ஜினின் காம், கிளம்புமுன்னரே பாதி தேய்ந்திருக்கும். நீர் கொதிக்கத் தொடங்கினால் நிறுத்தி ஆறவிட்டு மீதி நேரத்தைப் பின்னர் முடிக்கலாம். அதற்காக ஐடிலிங்கில் விடலாகாது.

ஆயிலைப் பற்றியும் ஒரு சொல். விலையுயர்ந்த செயற்கை ஆயிலை முதல் நாளே ஊற்றிப் பெருமை கொள்வோர் உளர். அதன் வழுக்கல் மிகுதி. ரிங் பொருந்துவதற்கு அது தடையாகலாம். முதலில் சாதாரண மினரல் ஆயிலே தக்கது. மேலும், தட்டை டாப்பெட்டுக்குத் துத்தநாகமும் பாஸ்பரசும் கலந்த ஆயில் வேண்டும். புகையைத் தூய்மை செய்யும் கருவி பழுதாகாதிருக்க இக்காலத்துக் கார் ஆயில்களில் அவற்றின் அளவைக் குறைத்துவிட்டனர். ஆதலால் இன்றைய காருக்கு மிக உயர்ந்த ஆயிலே பழைய காருக்கு மிகத் தக்க ஆயில் என்று கொள்ளுதல் பொருந்தாது.

அரை மணி நேரம் முடிந்ததும் சூட்டோடு சூடாக அந்த ஆயிலை இறக்கிவிட வேண்டும். ‘இன்னும் நிறமே மாறவில்லையே, வீணாக்குகிறாயே’ என்று உரிமையாளர் முகம் சுளிப்பார். அவ்வாயிலை வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் அவருக்குக் காட்ட வேண்டும். மினுமினுவென்று இரும்புப் பொடி தெரியும். பில்டரை அறுத்து உள்ளே உள்ள மடிப்புத் தாளை விரித்துப் பார்ப்பதும், காந்தத்தால் தடவிப் பார்ப்பதும் நோய் அறியும் வழிகள். காந்தத்தில் ஒட்டும் மெல்லிய கரும்பொடி ரிங்கும் சுவரும் தேய்ந்ததால் வருவது; முதலில் அது இயல்பே. ஒட்டாத வெண்சாம்பல் துகள் பிஸ்டனின் அலுமினியம். செம்பு நிறம் தென்பட்டால் பேரிங்கின் மேற்பூச்சு போய்விட்டது என்று பொருள். அப்போது காரை வெளியே விடலாகாது.

பிறகு சாலை. மூன்றாம் கியரில் 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60 வரை, ஆக்சிலேட்டரைப் பாதியளவிற்கு மேல் மிதித்து, பாரம் இழுக்குமாறு ஏற்ற வேண்டும். உடனே காலை எடுத்துவிட்டு, கியரிலேயே தானாக வேகம் குறைய விட வேண்டும். ஏறும்போது வாயு ரிங்கைச் சுவரோடு நெருக்கும். குறையும்போது சிலிண்டருள் உண்டாகும் வெற்றிடம் ஆயிலைச் சிறிது மேலே உறிஞ்சி, தேய்ந்த பொடியைக் கழுவும். இவ்வாறு பத்துப் பன்னிரண்டு முறை செய்து, பின்னர் சிறிது தூரம் இயல்பாக ஓட்டி ஆறவிட வேண்டும். பொருத்தத்தின் பெரும்பகுதி முதல் ஐம்பது, நூறு கிலோமீட்டரிலேயே முடிந்துவிடும். எஞ்சியது சிறிது சிறிதாக அமையும். மேல் கியரில் மெதுவாக உறுமிக்கொண்டு ஏற்றம் ஏறச் செய்வது மட்டும் எந்நாளும் கூடாது. 800 கிலோமீட்டர் அளவில் மீண்டும் ஒருமுறை ஆயிலும் பில்டரும் மாற்றி, வால்வு இடைவெளியைச் சரிபார்த்து, பழைய வகைக் கேஸ்கட்டாயின் ஹெட் போல்ட்டுகளை முறைப்படி இறுக்கிவிட்டால் பந்தயத்திற்குத் தயார்.

பந்தயம் என்றதும் நம் இளைஞர்கள் நிமிர்ந்து உட்காருகின்றனர். நன்று. தமிழர்க்கு இதில் ஒரு மரபே உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்றில், மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1950களில் தொடங்கிப் பல்லாண்டு பந்தயம் நடத்திற்று. வெளிநாட்டுக் கார்களை எளிதில் கொண்டுவர இயலாத காலம் அது. உள்ளூரில் ஓடிய பியட்டையும் ஹெரால்டையும் பிரித்து, சீவி, மெருகேற்றி, அவற்றிலிருந்து வேகத்தைக் கறந்தவர்கள் பட்டறைக்காரர்களே. 1990-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்திற்கெனவே தடம் அமைந்தது.

கோயம்புத்தூர்க் கரிவரதன், மாருதி 800 காரின் 796 கன சென்டிமீட்டர் மூன்று சிலிண்டர் என்ஜினைக் கொண்டே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை வடித்தார். பார்முலா மாருதி என்று அவை பெயர் பெற்றன. அங்காடிக்குச் செல்லும் குடும்பக் காரின் என்ஜின்! அனைவர்க்கும் அதே என்ஜின் எனும்போது, ஓட்டுபவரின் திறமைக்கு அடுத்தபடியாக, பூட்டியவரின் கையும் பழக்கியவரின் பொறுமையுமே முன்பின் என்பதைத் தீர்மானித்திருக்கும் என்று யாம் கருதுகிறோம். கரிவரதன் 1995-இல் சிறு விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்துப் பந்தயத்தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பார்முலா மாருதியில் தொடங்கிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன் 2005-இல் பார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். ஓட்டியவர் பெயரை உலகம் அறியும். பூட்டிய கைகளின் பெயர் எப்பத்திரிகையிலும் வருவதில்லை.

பந்தய என்ஜின் பற்றி ஒரு குறிப்பு. வார்ப்புப் பிஸ்டனுக்குப் பதில் அடித்து உருவாக்கிய பிஸ்டன் போட்டிருந்தால், அது சூட்டில் மிகுதியாக விரியும். ஆகவே இடைவெளியும் மிகுதியாக விட்டிருப்பர். குளிர்ந்த நிலையில் டக் டக் என்று அடிக்கும். அதனைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நன்கு சூடேறும் வரை பாரம் கொடுக்கவும் கூடாது. புதிதாகக் கடையில் வாங்கிய வண்டிகளைப் பற்றிக் கேட்கும் பெற்றோர்க்குச் சொல்வது: யாம் இதுவரை கூறிய எதுவும் உங்களுக்கன்று. தொழிற்சாலையில் சிலிண்டரை இக்காலத்தில் மிக நேர்த்தியாக முடித்து அனுப்புகின்றனர். வண்டியோடு தந்த புத்தகத்தைப் படித்து அவ்வாறே செய்க. அப்புத்தகத்தைப் பிரிக்காமலே பீரோவில் வைப்பது நம்மவர் வழக்கம்.

இப்பொழுது மீண்டும் அவ்விளைஞரிடம் வருவோம். அவர்க்கு நேர்ந்த இழப்பின் வேர் எங்கே? என்ஜினைப் பூட்டியவர் ஒருவர். முதல் நூறு கிலோமீட்டர் ஓட்டியவர் வேறொருவர். இருவர்க்கும் இடையே இருந்தது ஒரு வாய்ச்சொல். ‘மெதுவாக ஓட்டுங்கள்’ என்ற அரை வாக்கியத்தை நம்பி, மாதக்கணக்கான உழைப்பைக் கையில் கொடுத்துவிட்டனர். இருப்புப்பாதையில் இவ்வாறு நடவாது. பூட்டியவரே பாரம் கொடுத்துப் பார்த்து, தாளில் எழுதி, கையொப்பமிட்டு, பெற்றுக்கொள்பவர் கையொப்பத்தையும் வாங்குவார். பின்னர் ஏதேனும் நேர்ந்தால் தாள் பேசும். ஆள் பேச வேண்டியதில்லை.

ஆகவே அவரிடம் யாம் இரண்டு சொன்னோம். முதலாவது, பழக்குதலை உரிமையாளரிடம் விடாதீர். அதனையும் வேலையின் ஒரு பகுதியாக்கி, ஒரு நாள் கூலியும் இரண்டு முறை ஆயிலும் முதலிலேயே கணக்கில் சேர்த்துச் சொல்லிவிடும். இரண்டாவது, இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கும். பட்டறைக்காரர் முதலில் நகைத்தார். ‘குமாஸ்தா வேலை பார்க்கவா இங்கே வந்தாய்?’ என்றார். குமாஸ்தா என்னும் சொல்லை வசையாக வழங்குவோர்க்கு யாம் மறுமொழி கூறுவதில்லை.

அடுத்து வந்ததும் ஒரு பியட்டே. அந்நோட்டில் எழுதப்பட்டவை இவை: நான்கு சிலிண்டர்களின் விட்டம், ரிங் வாய் இடைவெளி, ஊற்றிய ஆயிலின் வகை, கிளம்பிய நேரம், ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை ஆயில் அழுத்தமும் நீரின் சூடும், இறக்கிய ஆயிலில் கண்டவை, சாலையில் ஓட்டிய தூரம், ஒவ்வொரு நூறு கிலோமீட்டரிலும் குறைந்த ஆயில், கடைசியாக நான்கு சிலிண்டர்களின் அழுத்த அளவு. உயர்ந்ததற்கும் தாழ்ந்ததற்கும் உள்ள வேறுபாடு பத்தில் ஒரு பங்கிற்கு மிகாதிருத்தல் வேண்டும். அதில் அதனினும் குறைவாகவே இருந்தது. உரிமையாளர் படித்துப் பார்த்து ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமிட்டார். கூலியில் ஒரு ரூபாயும் குறைக்கவில்லை. முந்திய காரையும் பிரித்து, மீண்டும் ஹோனிங் செய்து, இம்முறை அவ்விளைஞரே பழக்கிக் கொடுத்தார். நீலப்புகை நின்றது. பிடித்தம் செய்த ஊதியத்தை மட்டும் இன்னும் திருப்பித் தரவில்லை, அதனைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அந்நோட்டின் முதல் பன்னிரண்டு பக்கங்களை அவர் இசைவோடு படியெடுத்து, பெயர்களை நீக்கி, சங்க நூலகத்தில் இன்று ஒப்படைத்திருக்கிறோம். வெற்றுக் கட்டங்கள் வரைந்த தாள்களும் ஐம்பது உள்ளன. பட்டறைகளில் பணியாற்றும் தம்பிகள் விழா முடிந்ததும் வாயிற்புறத்து மேசையில் ஆளுக்கொன்று பெற்றுக்கொள்ளலாம். காலை வண்டியில் செல்வோர்க்கு யாமே கொண்டு வந்து தருவோம்.